எஞ்சி நிற்கும் கோடு: ஜரீனாவின் வீடுகளைப் பெண்ணாக வாசித்தல்

வெள்ளைக் காகிதத்தில் கறுப்பாக ஒரு கோடு. நேராகப் போகாமல் வளைந்தும் முறிந்தும் மேலிருந்து கீழே இறங்குகிறது. அதன் இருபுறமும் மைத்துணுக்குகள் சிதறிக் கிடக்கின்றன. 2001இல் ஜரீனா செய்த ‘பிரிக்கும் கோடு’ என்ற மரச்செதுக்கு அச்சு இவ்வளவுதான். இந்தியாவுக்கும் மேற்குப் பாகிஸ்தானுக்கும் நடுவே 1947இல் இழுக்கப்பட்ட எல்லைக்கோடு இது. அதற்கு முன் இந்த நாட்டைப் பார்த்தேயிராத சிரில் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் ஐந்து வாரங்களில் வகுத்துக் கொடுத்தது.

இந்தப் படம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரப்பலகையில் கோட்டைக் கீறி எடுப்பது எளிய வேலை. அப்படிச் செய்தால் கறுப்புப் பரப்பில் வெள்ளைக் கோடு கிடைக்கும். ஜரீனா அதைச் செய்யவில்லை. கோட்டை மட்டும் விட்டுவைத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மரம் முழுவதையும் உளியால் தோண்டி எடுத்தார். உளி விட்டுச் சென்ற மேடுகளில் ஒட்டிய மைதான் அந்தச் சிதறல்கள். ஓர் எல்லை தனியாக எழுந்து நிற்க வேண்டுமானால் அதைச் சுற்றியிருந்த வயலும் தெருவும் வீடும் சுரண்டப்பட்டாக வேண்டும் என்பதை அவர் எழுதிச் சொல்லவில்லை. வேலையின் முறையே அதைச் சொல்லிவிடுகிறது. அச்சுக்கலைஞர் என்று அறியப்பட்டாலும் அவர் கை சிற்பியின் கைதான்.

ஜரீனா ஹாஷ்மி 1937இல் அலிகரில் பிறந்தவர். தந்தை அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1958இல் பட்டம் பெற்றார். ஓவியக் கல்லூரி எதிலும் படிக்காதவர், பின்னாளில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா க்ரூஸ் வளாகத்தில் கலை கற்பித்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை நியூயார்க்கில் கழித்து, 2020 ஏப்ரலில் லண்டனில் காலமானார். தன் படைப்புகளில் ‘ஜரீனா’ என்ற ஒற்றைப் பெயரையே பயன்படுத்தினார். தந்தையின் பெயரும் இல்லை, கணவரின் பெயரும் இல்லை. இக்கட்டுரையிலும் அவரை அப்படியே அழைக்கிறேன்.

அவரைப் பற்றிக் கலையுலகில் புழங்கும் சித்திரம் ஒன்று உண்டு. தேசப் பிரிவினையில் வீட்டை இழந்த ஒரு பெண், அந்த வீட்டையே வாழ்நாள் முழுவதும் வரைந்துகொண்டிருந்தார் என்பது அது. ஏக்கம், நினைவு, இழந்த தாயகம் ஆகிய மூன்று சொற்களுக்குள் அவர் அடங்கிவிடுகிறார். இந்தச் சித்திரத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் வாழ்க்கையின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பது தெரியும்.

1947இல் ஜரீனாவுக்குப் பத்து வயது. பிரிவினையின் கலவரத்தையும் அச்சத்தையும் அவர் அறிந்தவர்தான். ஆனால் அலிகர் வீடு அந்த ஆண்டோடு போய்விடவில்லை. அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் குடும்பம் அலிகரில்தான் இருந்தது. பெற்றோர் பாகிஸ்தானுக்குப் போனது 1959இல். ஜரீனா அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டார். அவரை அலிகரிலிருந்து வெளியே கொண்டுபோனது ராட்கிளிஃபின் கோடு அல்ல, கல்யாணம். இந்திய வெளியுறவுப் பணியில் இருந்த சாத் ஹாஷ்மியை மணந்து, இருபத்தோரு வயதில் பாங்காக்குக்குப் போனார். அதற்குப் பின் பாரிஸ், டெல்லி, டோக்கியோ என்று ஊர்கள் மாறின. ஓராண்டு கழித்துப் பெற்றோரும் எல்லையைக் கடந்தபோது, அவர் திரும்பிப் போவதற்கு இருந்த வீடு இல்லாமல் போனது.

ஆக, இங்கே இரண்டு புறப்பாடுகள் இருக்கின்றன. ஒன்று வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. மற்றொன்றை யாரும் இடப்பெயர்வு என்று எண்ணுவதுகூட இல்லை. நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ‘வீடு’ என்ற ஒரே சொல் போதும். பெண்ணுக்கு அது பிறந்த வீடு, புகுந்த வீடு என்று அடைமொழி இல்லாமல் நிற்பதில்லை. ஒரு பெண் தன் வீட்டைவிட்டு வேறொரு வீட்டுக்குப் போவது துயரமான நிகழ்வாகவோ அரசியல் நிகழ்வாகவோ கருதப்படாமல் மேளதாளத்தோடு நடக்கிறது. ஜரீனாவைப் பிரிவினையின் கலைஞர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் விமரிசனம் இந்த இரண்டாவது புறப்பாட்டை வசதியாகத் தாண்டிப் போகிறது. அவருடைய வீடுகளை வாசிப்பதற்கு இரண்டு புறப்பாடுகளும் தேவை.

அந்த வீடுகளைப் பாருங்கள். 1994இல் செய்த ஓர் எட்சிங் அச்சின் தலைப்பு ‘அப்பாவின் வீடு 1898–1994’. அலிகர் வீட்டின் தரைப்படம் அது. மனிதர்களின் கல்லறையில் பொறிப்பதுபோல ஒரு வீட்டுக்கு இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பொறியாளர் வரையும் வரைபடத்தைப் போலச் சுவரும் வாசலும் முற்றமும் கோடுகளாக இருக்கின்றன. ஆள் யாரும் இல்லை. அதைவிட முக்கியமானது, இது மேலிருந்து பார்க்கும் பார்வை. வீட்டுக்குள் வளரும் ஒரு பெண் குழந்தை தன் வீட்டை இப்படிப் பார்த்திருக்கவே முடியாது. அவளுக்குத் தெரிவது மதில், முற்றம், முற்றத்துக்கு மேலே ஒரு துண்டு வானம். கூரையைத் தூக்கிவிட்டு மொத்த வீட்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பது, அதிலிருந்து வெளியேறியவளால் மட்டுமே ஆகிற காரியம். தலைப்பும் உண்மையைச் சொல்கிறது. அது அப்பாவின் வீடு. அவர் அதை ‘என் வீடு’ என்று எழுதவில்லை.

அதனால்தான் அவர் செய்த வீடுகளில் பல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 1991இல் ‘நான் ஒரு பயணம் போனேன்’ என்ற வரிசையில் வெண்கலத்தில் வார்த்த சிறு வீடுகளுக்குச் சக்கரங்கள் உண்டு. குழந்தைகள் கயிறு கட்டி இழுக்கும் விளையாட்டு வண்டி போன்ற உருவம். கையில் எடுத்தால்தான் வெண்கலத்தின் கனம் தெரியும். நகரும் வீடு என்றால் எடையற்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வீட்டைக் கூடவே இழுத்துப் போகிறவளுக்கு அது அப்படி இல்லை.

அவர் தேர்ந்தெடுத்த பொருள்களைப் பற்றியும் பேச வேண்டும். 1970களின் நியூயார்க்கில் கலை என்றால் மினிமலிசம். எஃகுத் தகடு, செங்கல், தொழிற்சாலையில் செய்து வாங்கிய பெட்டி. பெரும்பாலும் ஆண்களின் கூடம் அது. அங்கே ஜரீனா எடுத்துக்கொண்டது தையல் ஊசி. 1977ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த இருபது தாள்களில் மையே இல்லை. வெள்ளைக் காகிதத்தை ஊசியால் ஆயிரக்கணக்கான முறை குத்தியிருக்கிறார். சில இடங்களில் துளை உள்ளே போகிறது. சில இடங்களில் பின்பக்கத்திலிருந்து குத்தப்பட்டு மேடாக எழும்புகிறது. விளக்கொளி பக்கவாட்டில் விழுந்தால்தான் வடிவமே கண்ணுக்குத் தெரியும். பெண்களின் கைவேலையில் ஊசி எதையாவது இணைக்க வேண்டும், அலங்கரிக்க வேண்டும். இங்கே நூல் இல்லை. எதையும் தைக்காமல், யாருக்கும் உடுத்தக் கொடுக்காமல், ஊசி தன் போக்கில் போகிறது. 1977இல்தான் அவர் கணவர் இறந்தார். இந்தத் தாள்களை அந்த இழப்போடு நேராக முடிச்சுப் போட நான் தயங்குகிறேன். பெண் கலைஞரின் ஒவ்வொரு படைப்புக்கும் அவள் வாழ்க்கையில் ஒரு கண்ணீர்க் காரணம் தேடுவது விமரிசனத்தின் பழைய நோய். இவை வடிவத்தைப் பற்றிக் கணக்கு படித்த ஒரு மனம் யோசித்ததன் விளைவு என்று பார்ப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

அடுத்து அவர் போனது காகிதக் கூழுக்கு. காகிதத்தின் மேல் படம் போடுவதை விட்டு, கூழை அச்சில் ஊற்றிக் காகிதத்தையே சிற்பமாக்கினார். 1980இல் செய்த ‘மூலைகள்’ போன்றவை செம்மண் சுவரில் வெட்டி எடுத்த துண்டுகளைப் போலத் தோன்றும். காகிதம் மனிதத் தோலைப் போன்றது, கீறலாம், வார்க்கலாம், அதற்கும் வயதாகும் என்பது அவர் பல முறை சொன்ன கருத்து. சிற்பம் என்றால் கல், உலோகம், நிலைத்து நிற்பது என்ற மரபுக்கு எதிரே, நனைந்தால் கரையும் ஒன்றால் சுவர் எழுப்புவது சாதாரணத் துணிச்சல் இல்லை.

இந்த வித்தையை அவர் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. நியூயார்க் பெண்ணியக் கலை நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். அங்கே பெண்களுக்குக் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார். பேராசிரியர் என்ற பட்டத்தைவிட இந்தப் பட்டறைகள் அவரைப் பற்றி அதிகம் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது. கூழ் அடிக்கப் பெரிய கூடம் வேண்டாம், வார்ப்பாலை வேண்டாம், உதவியாள் படை வேண்டாம். பணமும் இடமும் இல்லாத பெண்ணும் சிற்பம் செய்யலாம் என்பது அந்தப் பாடத்தின் உள்ளே இருந்த செய்தி.

அந்தப் பெண்ணிய வட்டத்திலும் அவர் விருந்தாளியாகப் பணிந்து இருந்துவிடவில்லை. ‘ஹெரசீஸ்’ இதழ் 1979இல் மூன்றாம் உலகப் பெண்களுக்காகக் கொண்டுவந்த சிறப்பிதழில் அவர் பங்கு உண்டு. 1980இல், அமெரிக்காவில் பெண்களே கூட்டாக நடத்திய முதல் காட்சிக்கூடமான ஏ.ஐ.ஆர். கேலரியில், கியூபாவில் பிறந்த அனா மெண்டியெட்டாவும் ஜப்பானில் பிறந்த கசுகோ மியாமோட்டோவும் ஜரீனாவும் சேர்ந்து ஒரு கண்காட்சியை ஏற்பாடு செய்தனர். ‘தனிமைப்படுத்தலின் இயங்கியல்’ என்பது தலைப்பு. அமெரிக்காவில் வாழும் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்கள் எட்டுப் பேரின் படைப்புகள் அதில் இருந்தன. அமெரிக்கப் பெண்ணியம் அடிப்படையில் வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் இயக்கமாக இருக்கிறது என்று அதன் முன்னுரையில் மெண்டியெட்டா முகத்துக்கு நேரே எழுதினார். பெண்களின் கூடத்துக்குள்ளேயே நின்றுகொண்டு சொன்னது அது. இன்று எல்லோரும் சரளமாகப் பேசும் ஒரு விமரிசனத்தை, அதைச் சொன்னால் இருக்கிற இடமும் போய்விடக்கூடிய நிலையில், மூன்று குடியேறிப் பெண்கள் சேர்ந்து முன்வைத்தார்கள்.

மெண்டியெட்டாவையும் ஜரீனாவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மாணவிகளுக்கு நல்ல பயிற்சி. இருவரும் பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்கள். மெண்டியெட்டா பன்னிரண்டு வயதில் பெற்றோர் இல்லாமல் அனுப்பப்பட்டவர். அவர் மண்ணிலும் மணலிலும் தன் உடலின் அச்சைப் பதித்தார். உடல் எழுந்து போய்விட, குழி மட்டும் எஞ்சும். ஜரீனாவிடம் உடலே இல்லை. உடல் இருந்த அறை மட்டும் இருக்கிறது. குடியேறிய பெண்ணின் அடையாளம் என்றவுடன் புடவை, பொட்டு, முக்காடு, மருதாணிக் கை என்று எதிர்பார்க்கும் கண்ணுக்கு இவர்கள் இருவரும் வெவ்வேறு வகையில் ஏமாற்றம் தருகிறார்கள். அந்த ஏமாற்றம் வேண்டுமென்றே தரப்பட்டது. ‘நீ யார், எங்கிருந்து வந்தாய், காட்டு’ என்று கேட்கும் நாட்டுக்கு ஜரீனா தன் முகத்தைக் காட்டவில்லை. தரைப்படத்தைக் காட்டினார்.

1999இல் செய்த ‘வீடு ஓர் அந்நிய இடம்’ இந்த மறுப்பின் உச்சம். முப்பத்தாறு மரச்செதுக்கு அச்சுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எளிய வடிவமும் அதன் கீழே நஸ்தாலிக் எழுத்தில் ஓர் உருதுச் சொல்லும். வீடு, வாசற்படி, கதவு, சுவர் என்று தொடங்கி எல்லை, தூரம், மொழி என்று விரிகிறது. முதலில் சொற்களின் பட்டியல், அதற்குப் பிறகே படம். அதாவது இவை சொற்களுக்கான விளக்கப் படங்கள் இல்லை. சொல் கேட்டவுடன் மனதில் எழும் உருவத்துக்கு ஒரு சுருக்கெழுத்து. அமெரிக்கப் பார்வையாளருக்கு உருது தெரியாது. ஜரீனா பிறந்த நாட்டிலேயே அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். படிக்கத் தெரியாத நமக்கு அந்தச் சொல் இன்னொரு வடிவமாக, வளைந்த கோடாக மட்டுமே நிற்கிறது. குடியேறியவர் ஒவ்வொரு நாளும் அந்நிய மொழிப் பலகைகளுக்கு முன் நிற்கும் நிலையில் இம்முறை நாம் நிற்கிறோம். தன் மொழியை அவர் விளக்கித் தேய்க்கவில்லை. தெரியாதவர் தெரியாமலே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆகச் சிறந்த படைப்பு 2004இல் வந்த ‘வீட்டிலிருந்து கடிதங்கள்’. எட்டு அச்சுகள். பாகிஸ்தானில் வாழ்ந்த அக்கா ராணி தங்கைக்கு உருதுவில் எழுதிய கடிதங்கள் அவற்றின் அடித்தளம். பெற்றோரின் மரணம், விற்றுப்போன வீடு, பிள்ளைகள் பிரிந்துபோன தனிமை ஆகியவற்றை எழுதிவிட்டு, ராணி அவற்றைத் தபாலில் சேர்க்கவில்லை. பல காலம் கழித்துத்தான் ஜரீனா கைக்கு வந்தன. அந்தக் கையெழுத்தை உலோகத் தகட்டில் ஏற்றி அச்சிட்டு, அதன் மேல் வீட்டுத் தரைப்படங்களையும் நகர வரைபடங்களையும் மரத்தில் செதுக்கிப் பதித்தார்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அக்கா அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தைத் தங்கை உலகத்துக்கு முன் தொங்கவிடலாமா? பெண்கள் பெண்களுக்கு எழுதும் கடிதங்கள் இலக்கியமாக எண்ணப்படுவதில்லை. அவற்றை வெளியே எடுப்பது ஒரு நியாயம். அவற்றின் அந்தரங்கத்தைக் காப்பதும் ஒரு நியாயம். ஜரீனா இரண்டையும் ஒரே தாளில் செய்கிறார். கடிதம் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கலாம். வரிகளின் மேல் கறுப்புக் கோடுகள் ஓடுவதால், உருது தெரிந்தவர்கூட முழுவதையும் படித்துவிட முடியாது. துயரத்தை மறைக்காமலும் விற்காமலும் இருப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை. தவிர, அவருடைய வீட்டுப் படங்களில் முதல் முறையாக ஓர் ஆள் வந்திருக்கிறார். உருவமாக அல்ல, கையெழுத்தாக. அப்பாவின் வீட்டில் காணாமல்போயிருந்த பெண் இங்கே குடிவந்திருக்கிறாள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஆட்சேபங்களையும் சொல்ல வேண்டும். 2003இல் அழிக்கப்பட்ட நகரங்கள் ஒன்பதை அவர் மரத்தில் செதுக்கினார். க்ரோஸ்னி, சராயேவோ, ஸ்ரெப்ரெனிட்சா, பெய்ரூட், ஜெனின், பாக்தாத், காபூல், அகமதாபாத், நியூயார்க். தலைப்பு, காலிப்பின் கஜலைப் பெண்ணியக் கவிஞர் அட்ரியன் ரிச் ஆங்கிலத்தில் தழுவியதிலிருந்து வந்தது. 2002இன் அகமதாபாதை இந்த வரிசையில் வைத்தது துணிவான முடிவு. நியூயார்க்குக்குக் கறுப்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டும். ஆனால் ஒன்பதும் ஒரே அளவில், ஒரே அழகோடு வரிசையாக நிற்கும்போது ஒரு சங்கடம் எழுகிறது. யார் யாரைக் கொன்றார்கள் என்ற வேறுபாடு அந்த நேர்த்திக்குள் கரைந்துவிடுகிறது. எல்லா அழிவும் ஒரே அழிவு என்று சொல்வது இரக்கம்தான், அரசியல் ஆகுமா என்று தெரியவில்லை. வன்புணர்வு ஓர் ஆயுதமாகப் பயன்பட்ட ஊர்களும் இதில் இருக்கின்றன. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் பெண்களின் உடல் தெரிவதில்லை. தன் வீட்டைப் பார்க்க விடுதலை தந்த அதே உயரம், பிறர் துயரத்தைப் பார்க்கும்போது தூரமாகிவிடுகிறது.

வர்க்கத்தின் கேள்வியும் உண்டு. முற்றம் வைத்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைவதற்கு முதலில் அப்படியொரு வீடு இருந்திருக்க வேண்டும். வெளியுறவு அதிகாரியின் மனைவியாகப் போன பயணமும், உயிர் பிழைக்க எல்லை தாண்டும் பெண்ணின் பயணமும் ஒன்றல்ல. இது அவருக்கே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். 2015இல், எழுபத்தெட்டு வயதில், கடலில் தத்தளித்த ரோஹிங்கியாக்களைப் பற்றி ஒரு படைப்பைச் செய்தார். தன் வீட்டையே வரைந்துகொண்டிருந்தவர், வரைவதற்கு வீடே இல்லாதவர்களை நோக்கித் திரும்பியிருக்கிறார். அது எவ்வளவு தூரம் வெற்றி பெற்றது என்பது வேறு விவாதம். திரும்பினார் என்பது முக்கியம்.

அங்கீகாரம் தாமதமாக வந்தது. 2011இல் வெனிஸ் பியன்னாலேயில் இந்தியா முதல் முறையாக அதிகாரபூர்வ அரங்கம் அமைத்தபோது, ரஞ்சித் ஹொஸ்கோட்டே தேர்ந்தெடுத்த கலைஞர்களில் ஜரீனாவும் ஒருவர். எந்த நாட்டிலிருந்து வெளியேறினாரோ அந்த நாட்டின் பெயரால் அங்கே நின்றார். 2012இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஹாமர் அருங்காட்சியகத்தில் அவருடைய முதல் பின்னோக்குக் கண்காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு அது நியூயார்க்கின் குகென்ஹைமுக்குப் போனது. அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. அமெரிக்காவில் அவர் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தார். இந்தக் கணக்கையும் பெண் கலைஞர்களின் வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

ஜரீனாவைப் புதிதாகப் பார்க்கப்போகும் மாணவிகளுக்கு ஒரு யோசனை. ‘பிரிக்கும் கோ’ட்டிலிருந்து தொடங்காதீர்கள். அதில் தொடங்கினால் எல்லாவற்றையும் தேச வரலாறாகவே பார்க்கப் பழகிவிடுவோம். முதலில் ஊசித் துளைகள், பிறகு காகிதக் கூழ், பிறகு சக்கர வீடுகள், அப்பாவின் வீடு, முப்பத்தாறு சொற்கள், அக்காவின் கடிதங்கள் என்று வாருங்கள். எல்லைக்கோட்டைக் கடைசியில் பாருங்கள். அப்போது அது ராட்கிளிஃபின் கோடாக மட்டும் தெரியாது. பாகிஸ்தானில் ஓர் அக்கா, நியூயார்க்கில் ஒரு தங்கை, நடுவே அனுப்பப்படாத சில கடிதங்கள் என்று அதன் இருபுறமும் ஆட்கள் தெரிவார்கள்.